ரங்கத் சந்தையில் ஒரு நீலத் தார்ப்பாய்

"நீ எடுத்தா ஆளு அத்தனை பேரும் ரேஷன் கார்டுக்கு நிக்க மாதிரில்லா நிக்கான்," என்றார் அண்ணாச்சி. "ஸ்டூல் போட்டு உக்கார வச்சு எடுக்க கை பிள்ள உனக்கு. சந்தைக்கெல்லாம் வேற கை வேணும்."

அண்ணாச்சிக்குப் போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரில் போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. அங்கே மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் அளவுப் படம், பள்ளி அடையாள அட்டைக்குப் படம், வேலை விண்ணப்பத்துக்குப் படம். "நாடியை இறக்குங்க, தோளை நேராக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்பதைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வேன். அண்ணாச்சி கெட்டவர் அல்ல; நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள் எடுத்து வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். அதனால்தான் உறுத்தியது.

சென்னையில் ஓராண்டுப் புகைப்படப் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டு படங்கள் தேவைப்பட்டன. எல்லாம் ஒரே இடத்தில் எடுத்தவையாக இருக்க வேண்டும். ஆட்கள் வேலையில் இருக்க வேண்டும். படத்துக்காக நிற்கக் கூடாது. ஒவ்வொருவரின் சம்மதமும் பெயரும் ஊரும் வேண்டும். கடைசி நாள் புதன்கிழமை. அதற்கு முன் எனக்கு ஒரே ஒரு ஞாயிறுதான் இருந்தது; சனிக்கிழமைக்கும் அண்ணாச்சியிடம் லீவு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ராமநாதபுரத்திலிருந்து காண்டிராக்டரோடு வந்த கொத்தனார், இன்றும் கைநாட்டுத்தான். நாங்கள் குடியிருக்கும் லம்பா லைனில் எங்கள் வரிசையில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் நிரப்பிக் கொடுத்த ஃபாரம் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். இந்த ஒரு ஃபாரம் மட்டும் என் சொந்த ஃபாரம்.

போர்ட் பிளேர் சந்தைகள் எனக்கு உதவாது. பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கேமராவைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைப் போடுவார்கள். அதனால் ரங்கத்துக்குப் போக முடிவு செய்தேன். மத்திய அந்தமானில் இருக்கிறது, நூற்றெழுபது கிலோமீட்டர். ஞாயிறு காலையில் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் தாங்கள் விளைவித்ததைத் தாங்களே கொண்டுவந்து விற்கிறார்கள். என்னைத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான்: ஸ்டெல்லா அக்கா. தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் குடும்பம். லம்பா லைனில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்து, கல்யாணமாகி ரங்கத் போனவர். அந்தச் சந்தையில் கருவாடு விற்கிறார்.

சனி, காலை 4.00

மோகன்புரா பஸ் ஸ்டாண்ட். டிக்கெட் 210 ரூபாய். பஸ் கிளம்புவதற்கு முன் கண்டக்டரின் இருக்கையைச் சுற்றிப் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன: மருந்துச் சீட்டோடு ஒரு மாத்திரைப் பை, மிக்ஸி ஜார், கல்யாணப் பத்திரிகைக் கட்டு. "கதம்தலாவில் ஆள் நிற்பார்" என்றால் போதும், அவர் வாங்கிக்கொள்வார். ரசீது எதுவும் கிடையாது. அவரும் தமிழர்தான். என் கழுத்தில் கேமராவைப் பார்த்தார்.

"பாராடாங்ல இறங்குறியாம்மா? சுண்ணாம்புக் குகைக்கு?"

"இல்லண்ணே. ரங்கத். சந்தைக்கு."

"சந்தையில என்ன இருக்கு? பாகக்காய் இருக்கு."

டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

5.30

ஜிர்காடாங். இங்கிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காடு தொடங்குகிறது. வண்டிகள் எல்லாம் சேர்ந்து வரிசையாகத்தான் போக வேண்டும்; முதல் வரிசை ஆறு மணிக்கு. வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் டீயும் இரண்டு வடையும், முப்பத்தைந்து ரூபாய். போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறி என் கேமராவைக் காட்டி, "பேக் மே" என்றார். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். சுமார் ஐம்பது கிலோமீட்டர் அந்தப் பை என் மடியிலேயே இருந்தது. சரியான சட்டம்தான். கேட்காமல் எடுப்பவர்களுக்காகப் போட்ட சட்டம். நான் கேட்டு எடுப்பவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பஸ்ஸை அப்படியே படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். பதினொன்று தாண்டி ரங்கத் வந்தது. ஸ்டெல்லா அக்கா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தார்.

"என்னட்டி இம்புட்டு மெலிஞ்சிட்ட? அண்ணாச்சி சோறு போடுறதில்லையா?" என்று பையை வாங்கிக்கொண்டார். மாலையில் சந்தைத் திடலைக் காட்டினார். காலியாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் தகரக் கூரை, மீதி வெட்டவெளி. புதிதாக ஷெட் கட்டப் போகிறார்கள், இடம் கொடுக்கப் பெயர் எழுத ஆபீஸிலிருந்து ஆள் வருவார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு என்றார். நான் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சைக் காதில் வாங்கி அங்கேயே விட்டுவிட்டேன்.

ஞாயிறு, காலை 5.10

எங்கள் தீவுகளில் நாலரைக்கே வெளுத்துவிடும். ஐந்து மணிக்குத் திடல் பாதி நிறைந்திருந்தது. சபரி, தசரத்பூர், ஊர்மிளாபூர், பஞ்சவடி என்று வரிசையாக ராமாயணப் பெயர் கொண்ட கிராமங்களிலிருந்து ஜீப்பிலும் முதல் பஸ்ஸிலும் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள். நடுவில் தமிழ், தெலுங்கு. பேச்சு மட்டும் எல்லோருக்கும் இந்தி. பாகல் கிலோ 80, பூசணித் துண்டு 30, கொடிப்பசலை ஒரு கட்டு 20, சேப்பங்கிழங்கு, வாழைப்பூ, பச்சைப் பாக்கு. கூரையில்லாத பக்கத்தில் ஒவ்வொருவரும் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் படம் உயிரோடு இருக்கும்; ஆனால் அது திருட்டு மாதிரி. முதலில் கேட்டுவிட்டு எடுத்தால் ஆள் மாறிவிடுவார். நான் கேட்டேன். பசலைக் கட்டுகளுக்கு நடுவில் அரிவாள்மணையில் பூசணி நறுக்கிக்கொண்டிருந்த வங்காள அம்மாவிடம், "மாசி, ஒரு போட்டோ எடுக்கட்டுமா?" என்றேன். மாசி என்றால் வங்காள மொழியில் சித்தி. ஊர்மிளாபூர்க்காரர், பெயர் மாலதி. நறுக்குவதை நிறுத்தி, கையைத் துடைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்து, என்னை நேராகப் பார்த்தார். எடுத்தேன். நோட்டைத் திறந்து பெயரும் ஊரும் எழுதினேன். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது.

6.40

வாழைத்தார்களுக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தபோது, ஒரு நீலத் தார்ப்பாயை யாரோ இரண்டு மூங்கிலுக்கு நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு வரிசை நின்றது. மாலதி மாசி தலைசீவி மறுபடியும் வந்திருந்தார்.

ஆளுக்கொரு படம் ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டால் என்னை விட்டுவிடுவார்கள், பிறகு என் வேலையைப் பார்க்கலாம். முதல் ஆள் தார்ப்பாய் முன்னால் நின்றதும் என் வாய் தானாகவே, "நாடியை இறக்குங்க" என்றது, இந்தியில். அவர் இறக்கினார். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று இருந்தது. பெயர், ஊர், அடுத்தவர். அரை மணிக்குள் பதினான்கு பேர்.

பதினான்காவது ஆள் சபரியிலிருந்து வாழைத்தார் கொண்டுவந்த கருப்பையா மாமா. அறுபது வயதிருக்கும். படம் எடுத்து முடித்ததும், மடித்த பிளாஸ்டிக் பையிலிருந்து தீவுவாசி என்பதற்கான தன் ஐலண்டர் கார்டையும் அதன் ஜெராக்ஸ் இரண்டையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மேடம், மத்த காகஜ் எல்லாம் பூரா இதுல இருக்கு. போட்டோதான் பாக்கி இருந்துச்சு. அதையும் நீங்களே எடுத்தாச்சு. இடம் கூரைக்குள்ள குடுங்க மேடம், வெயில்ல பழம் கறுத்துப் போவுது."

ஷெட்டுக்குப் பெயர் எழுத வந்தவள் என்று என்னை நினைத்திருக்கிறார்கள். கேமரா, நோட்டு, பேனா, பெயர், ஊர். வேறு யாராக நினைப்பார்கள்? நேற்று மாலை ஸ்டெல்லா அக்கா சொன்னது அப்போதுதான் எனக்குள் வந்து சேர்ந்தது.

பேசாமல் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தால் யாருக்கும் அன்று தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் அந்த ஜெராக்ஸ் அப்பாவுடைய ஜெராக்ஸ் மாதிரியே நான்காக மடிந்து, மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. காய்க்கூடை வைக்கும் பெட்டி ஒன்றின் மேல் ஏறி, நான் எந்த ஆபீஸிலிருந்தும் வரவில்லை, ஷெட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, என் படிப்புக்காகப் படம் எடுக்க வந்தேன் என்று இந்தியில் சொன்னேன்.

மாலதி மாசி கேட்டார்: "தோ நாம் க்யூன் லிக்கா?" அப்படியானால் பெயர் எதற்கு எழுதினாய்?

ஃபாரத்தில் கேட்டிருந்தது என்றேன். எனக்கே அது பதிலாகப் படவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் தங்கள் பெயரை அடிக்கச் சொன்னார்கள். அவர்கள் கண் முன்னால் அடித்து, படத்தையும் கேமராவில் காட்டி அழித்தேன். அந்த நேரத்தில் மாசியின் கடைப்பக்கம் ஒரு சத்தம். அவர் வரிசையில் நின்ற நேரத்தில் ஒரு மாடு கொடிப்பசலைக் கட்டுகளில் பாதியைத் தின்று முடித்திருந்தது.

ஸ்டெல்லா அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "உன்னிய என் தங்கச்சின்னுட்டி சொல்லி வச்சிருக்கேன். வாரா வாரம் இவங்க மூஞ்சியிலதான் நான் முழிக்கணும்."

பசலைக்கான பணத்தை எடுத்து மாசியிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. "பைசா வேண்டாம்," என்றார் இந்தியில். "உனக்கு எழுத வரும்தானே? உட்கார். எழுது."

7.20

அதே பெட்டியைப் புரட்டிப் போட்டு, பூசணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கேமராவை மடியில் வைத்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டேன். ஷெட் வரப்போகிறது என்று எல்லோரும் பேசினார்களே தவிர, எங்களுக்கும் இடம் வேண்டும் என்று யாரும் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் படிப்புக்கும் வேலைக்கும் போர்ட் பிளேர் போய்விட்டார்கள்.

மனுவை இந்தியில் ஒவ்வொரு வரியாக எழுதி உரக்கப் படித்தேன். முதல் பத்தி சிக்கலில்லாமல் முடிந்தது. தூரத்துக் கிராமங்களுக்குக் கூரைக்குள் இடம் தர வேண்டும் என்ற வரியில் சண்டை வந்தது: எது அதிகத் தூரம், ஊர்மிளாபூரா, பஞ்சவடியா? பஞ்சவடிக்காரர் கிலோமீட்டர் சொன்னார். மாசி, பஸ் வராத நாளில் நடந்து பார் என்றார். கடைசியில் எல்லாக் கிராமத்தையும் ஒரே வரியில் எழுதினேன்.

ஸ்டெல்லா அக்கா கோபம் தீராமலே பக்கத்தில் வந்து நின்றார். "கருவாட்டுக்குன்னு தனி வரிசை கேட்டு எழுதிராத. அப்புறம் தனியாவே தூக்கிக் கடக்கரையில வச்சிருவாங்க."

"என்னன்னு எழுதட்டும்க்கா?"

"மீன்னு எழுது. காஞ்சிருந்தா மீன் இல்லன்னு ஆயிருமா?"

கருப்பையா மாமா சிரித்துவிட்டார். அன்று காலை நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

கையெழுத்துப் போட ஒவ்வொருவராக வந்தார்கள். மாசி வங்காள எழுத்தில், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் போட்டார். கைநாட்டுக்கு மை இல்லை. கருப்பையா மாமா என் பேனாவை வாங்கித் தன் கட்டைவிரலில் தானே கோடு கோடாகக் கிழித்து நீலமாக்கினார். பலமுறை செய்தவர் போலிருந்தது. தாளில் அழுத்தி எடுத்ததும் விரலை முழங்காலுக்குப் பின்புறம் வேட்டியில் துடைத்தார். அப்பாவும் அங்கேதான் துடைப்பார்.

அடுத்த விரலையும் அவரே நீலமாக்கிக்கொண்டிருந்தார், பச்சைமிளகாய் விற்றுக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்த ஒரு தெலுங்கு அம்மாவின் விரல் அது.

"மாமா, இதை எடுக்கலாமா?" என்றேன்.

"எடும்மா," என்றார் நிமிராமல். "நிக்கத்தான் நேரமில்ல."

எடுத்தேன். நீலக் கட்டைவிரலும், அதைப் பிடித்திருந்த வாழைக்கறை படிந்த கையும், கீழே பச்சைமிளகாயும். அந்த அம்மா பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தவேயில்லை.

8.30 முதல் 10.45 வரை

பிறகு நான் அந்தப் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. பெயரை அடிக்கச் சொல்லாதவர்களின் பெயரும் சம்மதமும் என்னிடம் இருந்தன. அவர்களுக்கும் நான் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்த ஆளை யாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை. உட்கார்ந்த உயரத்திலிருந்து சந்தை வேறாக இருந்தது. தராசுத் தட்டின் அடியில் தெரிந்த மாசியின் முகம். பேரம் பேசிக்கொண்டே பாகற்காயின் முதுகைத் தடவிப் பார்க்கும் பஞ்சவடிக்காரர். வெயில் நகர நகரத் தார்களை நிழலுக்கு இழுத்துப்போடும் கருப்பையா மாமா. கருவாட்டு ஈயை ஓட்டியபடி வாடிக்கையாளரைத் திட்டும் ஸ்டெல்லா அக்கா; அவருக்கே தெரியாமல் எடுத்துப் பிறகு காட்டியதும், "வாய் இம்புட்டு பெருசாவா இருக்கு? இருந்துட்டுப் போவட்டும்," என்றார். கெட்ட வார்த்தை சொன்னவரும் எதிரில்தான் இருந்தார். அவர் பக்கம் நான் கேமராவைத் திருப்பவில்லை.

எண்ணிப் பார்த்தேன். யாரும் நிற்காத படங்கள் எட்டு.

11.15

போர்ட் பிளேர் பஸ். மூன்று மணிக் காட்டு வரிசையைப் பிடிக்க வேண்டும் என்பதால் நேரத்தோடு கிளம்பிவிடும். மாசி பஸ் வரை வந்தார். மனுவை ஸ்டெல்லா அக்கா திங்கட்கிழமை ஆபீஸில் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. மாசி அந்தத் தாளை என் முன்னால் மறுபடி விரித்தார்.

எங்கள் பெயரெல்லாம் உன் நோட்டில் இருக்கிறது, உன் பெயர் எங்களிடம் எங்கே என்று கேட்டார். பஸ் படிக்கட்டில் தாளை வைத்து, அடியில் 'எழுதியவர்' என்று போட்டு, பாண்டிச்செல்வி, லம்பா லைன் என்று எழுதினேன்.

"போட்டோ?" என்றார். தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி எடுப்பார்கள், போய்விடுவார்கள், இத்தனை வருடத்தில் ஒருத்தர்கூடக் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. பாகல் விலை சொல்வது போலத்தான் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

மாலை ஆறரைக்கு அபர்டீன் பஜார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் தினமும் அதைத்தான் வாங்குகிறோம். யார் விளைவித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று என் பையில் ஊர்மிளாபூர் பூசணி அரைத் துண்டு இருந்தது; பஸ் ஏறும்போது மாசி திணித்தது.

திங்கள், ஸ்டுடியோ

படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பன்னிரண்டுக்கு எட்டுத்தான் தேறின. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எட்டையும் பார்த்தார். கட்டைவிரல் படத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் நின்றார். பிறகு நான் மூடி வைத்திருந்த தார்ப்பாய்ப் படங்களைத் திறக்கச் சொன்னார். சீவிய தலை, இறக்கிய நாடி, நேரான தோள். மாலதி மாசியின் கையில் கார்டு. ஓரத்தில், கவனித்தால் தெரியும், பசலைக் கட்டை நோக்கி மாட்டின் தலை.

"இதுல நாலச் சேரு," என்றார்.

"நிக்கக் கூடாதுன்னு ஃபாரத்துல போட்டிருக்கு அண்ணாச்சி. நீங்களும் அதத்தான சொன்னீங்க."

"நிக்கத்தான் செய்யுதாவ. எதுக்கு நிக்குதாவன்னு தெரியுதுல்லா." கொஞ்சம் பொறுத்து, "அத எழுதி அனுப்பு. எழுதத்தான் தெரியுமே உனக்கு," என்றார்.

எழுதினேன். நான்கு படங்களின் கீழும் ஒரே வரி: இவர்கள் என்னை ஷெட்டுக்குப் பெயர் எழுத வந்தவள் என்று நம்பி நின்றார்கள், தவறு என்னுடையது. இந்த வரிக்காகவே அவர்கள் என் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பலாம். முதல்முறையாக ஒரு ஃபாரம் திரும்பி வரலாம் என்று தெரிந்தே நிரப்பினேன். நெட் விட்டு விட்டு வந்ததால் பன்னிரண்டு படமும் ஏறச் செவ்வாய் மதியம் ஆகிவிட்டது.

பெயரை அடிக்கச் சொன்ன இருவர் போக, தார்ப்பாய் முன்னால் நின்றவர்கள் பன்னிரண்டு பேர். ஷெட்டுக்கு எப்போது பெயர் எழுத வந்தாலும் போட்டோ கேட்பார்கள். ஆளுக்கு ஆறு பாஸ்போர்ட் அளவுப் பிரதி போட்டு, வெட்டி, கவரில் வைத்து, மேலே பெயரும் ஊரும் எழுதியிருக்கிறேன். கருப்பையா மாமாவின் கவரில் கட்டைவிரல் படமும் இருக்கிறது. கண்டக்டரிடம் கொடுத்தால் ஸ்டெல்லா அக்காவிடம் சேர்த்துவிடுவார். மிக்ஸி ஜாரையே சேர்ப்பவர். ஆனால் நான் சனிக்கிழமை காலை நாலு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.